ஹில் சிட்டிக்கு முன்னே நின்ற நிக்கோடிமஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சிற்றூர்களைப் பற்றிய தங்கள் தொடரில், கான்சாஸ் மாநிலத்தின் கிரகாம் கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அதன் தலைநகரான ஹில் சிட்டியையும் குறித்த பகுதியைப் படித்தேன். 1888இல் தலைநகர் மில்புரூக்கிலிருந்து ஹில் சிட்டிக்கு மாறியது, அவ்வூரை உருவாக்கியவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற செய்திகள் சரியே. ஆனால் அதே ஹில், 1877இல் டபிள்யூ. எச். ஸ்மித் முதலிய கறுப்பினத்தவர்களோடு சேர்ந்து அதே கவுண்டியில் நிறுவிய நிக்கோடிமஸ் என்ற ஊரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த கென்டக்கி மக்கள், சொந்த நிலம் கிடைக்கும் என்ற துண்டறிக்கைகளை நம்பி அங்கே வந்தார்கள். வந்து பார்த்தால் மரமும் இல்லை, வீடும் இல்லை. 1878இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, ஊர் எங்கே என்று கேட்டதற்கு, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்கள் என்றும், மக்கள் மண்ணைக் குடைந்த குழிவீடுகளில் வாழ்வதைக் கண்டு தாம் அழுதுவிட்டதாகவும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் குளிர்காலத்தில் அவர்களுள் பலர் உயிர்பிழைத்தது, வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் பகிர்ந்து கொடுத்த உணவால்தான். இந்த உதவியையும் எந்த ஊர் வரலாறும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

கவுண்டியின் முதலாவது பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு) 1879இல் அமைந்ததும் நிக்கோடிமஸில்தான். 1880இல் கவுண்டி முறைப்படி அமைக்கப்பட்டபோது அதன் எழுத்தராக நியமிக்கப்பட்ட எட்வர்ட் மெக்கேப், அவ்வூரில் குடியேறிய கறுப்பினத்தவர். 1882இல் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராகவே தேர்தலில் வென்றார். ஆக, அந்தக் கவுண்டியின் நிர்வாகம் உருப்பெற்ற முதல் நாட்களிலேயே நிக்கோடிமஸுக்குப் பங்கு இருந்தது.

ரயில் பாதைதான் ஹில் சிட்டி, நிக்கோடிமஸ் ஆகிய இரண்டு ஊர்களின் தலையெழுத்தையும் பிரித்தது. பாதையைத் தங்கள் ஊருக்கு வரவழைக்க நிக்கோடிமஸ் மக்கள் பதினாறாயிரம் டாலர் கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்துக் காத்திருந்தும், பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போக் (Bogue) என்ற புதிய ரயிலூருக்குக் கிளம்பிப்போனார்கள். அவ்வாறு தோற்ற காரணத்தாலேயே அது வரலாற்றிலிருந்தும் நழுவ வேண்டுமா? 1996இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. வெளியூர்களில் வாழும் வழித்தோன்றல்கள் இன்றும் ஆண்டுதோறும் கோடையில் அங்கே கூடுகிறார்கள்.

தொடர் நூலாக்கம் பெறுமானால், அப்பகுதியில் நிக்கோடிமஸுக்கு உரிய இடத்தை அளிக்குமாறு கட்டுரையாளரையும் தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்