டலிவர் வீட்டுப் பேச்சு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே சின்னவன் மாற்றல் வாங்கிக்கொண்டு கோவைக்கே வந்துவிட்டான். வீடு கலகலவென்று இருக்கிறது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்'. 1860-இல் வந்தது; கல்லூரியில் கதாநாயகி மேகிக்காக நாம் அழுத அதே நாவல்தான். இந்தத் தடவை என் கண் அவள் அப்பா டலிவர் மேலேயே இருந்தது.

மனிதர் கெட்டவர் இல்லை. மேகி என்றால் உயிர். ஆனால் வாயைத் திறந்தால், பெண்ணுக்கு இவ்வளவு புத்தி ஆகாது, வம்பில்தான் முடியும் என்பார். அக்கா தங்கைகளில் கொஞ்சம் மந்தமானவளாகப் பார்த்துத்தான் கட்டினேன், என் வீட்டில் எனக்கு யாரும் நியாயம் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வந்தவரிடம் பெருமை வேறு. அப்புறம், புத்தி மகனுக்கு வராமல் மகளுக்குப் போய்விட்டதே என்று புலம்பல்!

படிப்பு ஏறாத மகன் டாமுக்குக் காசைக் கொட்டி லத்தீனும் யூக்ளிடின் வடிவகணிதமும். அவனைப் பார்க்கப் போன மேகி ஆசையாகக் கேட்டால், பெண்களுக்கு மேலோட்டமான சாமர்த்தியம்தான், ஆழமாகப் போக முடியாது என்கிறார் வாத்தியார். டாமுக்கு ஒரே குஷி. வழக்கில் தோற்று அப்பா படுக்கையில் விழுந்தபோது அந்த லத்தீன் அவனுக்குக் காலணாவுக்கு உதவவில்லை.

மனைவியின் கதை இன்னும் மோசம். எந்த விவகாரமும் தெரியாமல் வைக்கப்பட்டவள், எங்கள் மாவு ஆலையை வாங்கிவிடாதீர்கள் என்று எதிரி வக்கீல் வேக்கமிடமே போய்க் கெஞ்சுகிறாள். அதுவரை அந்த யோசனையே இல்லாதவர் வாங்கிவிடுகிறார்! மந்தமானவளாகப் பார்த்துக் கட்டியவர் யாரை நோவது?

வேக்கமை மன்னிப்பதில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல டாம் குடும்பப் பைபிளில் எழுதுகிறான். மேகி வேண்டாம் என்கிறாள், யார் கேட்டார்கள்? பிற்பாடு டாம், வேக்கமின் மகன் ஃபிலிப்பைத் தனக்குத் தெரியாமல் சந்திக்கக் கூடாதென்று அதே பைபிள் மேல் அவளிடம் சத்தியம் வாங்குகிறான்.

கடைசியில் ஊர் வாயில் விழுந்து அவள் வந்து நிற்கும்போது, என் வீட்டில் உனக்கு இடமில்லை என்கிறான். அப்போது அந்த 'மந்தமான' அம்மாதான், நானும் உன்னோடு வருகிறேன், உனக்கு அம்மா இருக்கிறாள் என்று கிளம்புகிறாள். நாவலிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். வெள்ளம் வந்து அண்ணன் தங்கையைச் சேர்த்துவைப்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

எலியட்டுக்கே இது சொந்த வலி. திருமணமாகாமல் எழுத்தாளர் லூயிஸோடு வாழ்வதை 1857-இல் தெரிவித்ததும் அவருடைய அண்ணன் ஐசக் உறவை அறுத்துக்கொண்டார். 1880-இல் வேறொருவரை முறைப்படி மணந்த பிறகுதான் வாழ்த்து அனுப்பினார். அந்த வருடக் கடைசியிலேயே எலியட் போய்விட்டார்.

உன்னிடம் பிரதி இல்லையென்றால் எழுது, தபாலில் அனுப்புகிறேன். அந்த முடிவைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
விசாலம்