தம்ப் டிரைவில் என்ன போடலாம் என்று கேட்டவனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று லேப், ஒரு சர்வர் அறை, அத்தனைக்கும் நீ ஒருத்தன்தான் பொறுப்பு என்று படித்ததும் சிரித்துவிட்டேன். சிங்கப்பூரில் பாயா லேபார் ஆபீசில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலே என்னைக் கூப்பிட்டவன் நீ!

இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பாலிடெக்னிக்கில் சைபர் செக்யூரிட்டி சேர்ந்திருக்கிறாள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டு எனக்கே வகுப்பு எடுக்கிறாள்.

சரி, லேப் மெஷின்களைப் பார்க்கத் தம்ப் டிரைவில் என்ன போடலாம் என்று நீ கேட்ட விஷயம். விண்டோஸ் லேபுக்கு சிஸ்இன்டர்னல்ஸ் என்ற சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் ஆரம்பித்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, ஆனால் இன்றும் இலவசம்தான். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அதில் முதலில் ஆட்டோரன்ஸைப் பழகிக்கொள், மெஷின் திறக்கும்போது தானாக ஓடுவதையெல்லாம் அது பட்டியல் போட்டுக் காட்டும்.

போன மாதம் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர், லேப்டாப் திறப்பதற்குள் கோப்பி ஆறிவிடுகிறது என்று கொண்டுவந்தார். ஆட்டோரன்ஸை அட்மின் உரிமையோடு திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்து, ஃபைலை வெளியிட்டவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கவும் சொன்னேன். மிச்சம் ஒரு திரை அளவுதான். மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை. எப்போதோ கழற்றிய மென்பொருளின் எச்சம். இளஞ்சிவப்பு வரியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வெளியிட்டவர் யாரென்று தெரியாது, இல்லாவிட்டால் கையொப்பம் சரியிருக்காது. அவரிடம் இருந்தது ஏதோ இலவச பிடிஎஃப் மாற்றி. நீயும் எடுத்த எடுப்பில் எதையும் அழித்துவிடாதே. டிக்கை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட் செய். கோளாறு வந்தால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ் சர்வருக்குள் வேறொரு மெஷினிலிருந்து போகப் புட்டி என்ற மென்பொருள் வேண்டும் என்கிறாய். விண்டோஸ் 10, 11இல் அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது, எனக்கு அதுவே போதும். புட்டிதான் வேண்டுமென்றால் எங்கே இறக்குகிறாய் என்று பார். தேடினால் முதலில் நிற்பது பெரும்பாலும் விளம்பரம். புட்டி டாட் ஆர்க் (putty.org) தளமும் புட்டியை எழுதிய சைமன் டாட்டமுடையது அல்ல. பழைய பதிப்பு எதுவும் வேண்டாம். 0.68 முதல் 0.80 வரை பி-521 என்ற வகை லாகின் சாவியில் ஓட்டை இருந்தது, 2024 ஏப்ரலில் 0.81இல்தான் அடைத்தார்கள். அந்தப் பதிப்புகளில் பயன்படுத்திய பி-521 சாவி இருந்தால் தூக்கிப் போடு.

ஒரிஜினல் தளத்தில் எடுத்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2017இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு அதன் சொந்த சர்வரிலிருந்தே, செல்லுபடியாகும் கையொப்பத்தோடே, வைரஸைச் சுமந்து ஏறக்குறைய ஒரு மாதம் போனது. ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான ஹாஷையும் அதே பக்கத்தில் எடுத்து ஒப்பிடுவது திருடனிடமே ரசீது கேட்பது போல. அதனால் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர மற்ற அப்டேட்டை ஒரே ஒரு மெஷினில் போட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் மற்றதற்குப் போகிறேன். நிர்வாகம் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அப்புறம், லேபில் இன்னும் எத்தனை மெஷினில் விண்டோஸ் 10 ஓடுகிறது? 2025 அக்டோபர் 14ஓடு அதற்கு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுது.

டிசம்பரில் திருச்சி வருகிறோம். அம்மாவுக்குக் கோடாலித் தைலமும் மைலோவும் எடுத்துவருகிறேன், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
சேகர்