ஸ்டான்லி லேப் அக்காவுக்கும் முகம் தெரியாத 4,531 பேருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைப்பவள். பிறந்தது காசிமேடு. 2004 வைகாசியில் ஜி.எச்.சில் என் இதயத்துக்குள் பலூன் விட்டு, சுருங்கிப் போயிருந்த வால்வைத் திறந்தார்கள். அப்போது வயிற்றில் ஆறு மாதமாக இருந்த பெண்ணுக்கு வருகிற ஆவணியில் பிறந்த நாள். அவளுக்குத் துணி எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யார் யார் தயவில் இத்தனை நாள் இருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வந்தது ருமாட்டிக் இதய நோய். 11 வயதில் தொண்டை வலி வந்து போனது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், முட்டி வீக்கம். ஒரு முட்டி வடிந்தால் அடுத்த முட்டி வீங்கும். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, இதய வால்வையும் கிருமி என்று நினைத்து அடித்துவிடும் என்று பிற்பாடு விளக்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்கள். இடுப்பில் குத்தினால் அன்று முழுக்க நடக்க முடியாது. கடலுக்குப் போய்விட்டு வந்த நைனா, உடம்பில் உப்புகூடக் கழுவாமல் என்னைத் தோளில் தூக்கிப் போவார். இரண்டு வருடம் கழித்து ஒரு கிளினிக்கில், "காய்ச்சல்தான் வரலியே, நிறுத்திடுங்க" என்றார்கள். நிறுத்திவிட்டோம். வால்வில் பழுது இருப்பவர்கள் அந்த ஊசியைக் குறைந்தது 10 வருடமாவது விடாமல் போட வேண்டும், பலர் 40 வயது வரை போட வேண்டியிருக்கும் என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நைனா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி மருகினார். நைனா, அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. உங்கள் தோளுக்குத்தான் என் முதல் நன்றி.

கர்ப்பமான ஐந்தாவது மாதத்திலிருந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவேன். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மைட்ரல் வால்வின் வாய் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டுமாம். எனக்கு 0.8. அந்த வாரமே பலூன் போட முடிவெடுத்தார்கள். குழந்தைக்கு எக்ஸ்ரே படக்கூடாது என்று ஈயம் வைத்த கவசத் துணியை என் வயிற்றையும் முதுகையும் சுற்றிக் கட்டினார்கள். அது கனத்துக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தது. கட்டிய நர்சம்மா முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்து, "பாப்பா பத்திரமா இருக்கு, நீ பயப்படாதே" என்றார். தொடைப் பக்கம் மரத்துப்போக மட்டும் ஊசி; எனக்கு நினைவு இருந்தது. திரையில் பலூன் தெரிந்தது. முதலில் முன்பக்கம் உப்பியது, பிறகு பின்பக்கம். நடுவில் மட்டும் உடுக்கை மாதிரி ஒடுங்கி நின்றது. அந்த ஒடுக்கம்தான் என் வால்வு. ஒரு நொடி நெஞ்சுக்குள் எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. ஒடுக்கம் பட்டென்று விரிந்தது. அன்றைக்கு ராத்திரி, பல வாரத்துக்குப் பிறகு, மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.

அந்த டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் அப்போதே கும்பிடு போட்டேன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் நின்றிருந்தது அன்று எனக்குத் தெரியாது. இந்தப் பலூனைச் செய்தவர் ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தியது 1982இல். நெஞ்சைத் திறக்காமல் பலூன் விடுகிற முறை, திறந்து செய்வதற்கு ஈடாகுமா என்று சோதித்துப் பார்த்தது நம் பக்கத்து ஹைதராபாதில். 60 நோயாளிகள், 30 பேருக்குப் பலூன், 30 பேருக்குத் திறந்த அறுவைச் சிகிச்சை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், பலூன் போட்டவர்களுக்கு வால்வு இன்னும் நன்றாகத் திறந்திருந்தது. 1994இல் அந்த முடிவு வெளிவந்தது. நெஞ்சைப் பிளப்பார்களா, தொடை வழியாகப் போவார்களா என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்த அந்த 60 பேரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. என் நெஞ்சில் தழும்பு இல்லாமல் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

2018இல் படபடப்பு வந்தது. இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்குகிறது, அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று சொல்லி, ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாதா மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், ஏறினால் கசியும். கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் விட்டுவிட்டால் எண் ஆடிப்போகும். தையல்காரிக்கு ஊசி குத்தாமல் இருக்குமா? முன்பெல்லாம் விரலை வாயில் வைத்துவிட்டு அடுத்த தையலுக்குப் போவேன். இப்போது பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு முறை கல்யாண ஜாக்கெட்டின் சந்தன நிறப் பட்டில் கடுகளவு ரத்தம் பட்டுவிட்டது. விஷயம் தெரிந்ததும் கல்யாணப் பெண்ணின் அம்மா, "துணி போனா போவுதும்மா, மொதல்ல கையப் பிடி" என்றார். அந்த அம்மாவுக்கும் என் நன்றி.

ஊரடங்கு முடிந்த சமயம், ரத்தப் பரிசோதனைக்கு அலைய முடியாமல் ஓர் இடத்தில் காட்டினேன். ரிவரோக்ஸபான் என்ற புது மாத்திரைக்கு மாற்றினார்கள். பரிசோதனை வேண்டாம், கீரைக் கட்டுப்பாடு வேண்டாம். விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. ஸ்டான்லியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அக்கா, இந்த மாத்திரையை மத்தவங்ககிட்ட நல்லா சோதிச்சிட்டாங்க. உங்கள மாதிரி வால்வு ரொம்பச் சுருங்கினவங்கள அந்தச் சோதனைகள்ல சேர்க்கவே இல்ல. உங்கள மாதிரி ஆளுங்கள வச்சே இப்ப ஒரு பெரிய ஆராய்ச்சி நடக்குது. அது முடியிற வரைக்கும் பழசையே போடுங்க" என்றார். அரை மனதோடுதான் பழைய மாத்திரைக்குத் திரும்பினேன். அவரிடம் அன்று முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

2022 ஆகஸ்டில் அந்த ஆராய்ச்சியின் முடிவு வந்தது. இன்விக்டஸ் என்று பெயர். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகள். அதை நடத்தியவர்களில் அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். கணக்கில் வந்தவர்கள் 4,531 பேர், சராசரி வயது 50, நூற்றில் 72 பேர் பெண்கள். என்னைப் போன்றவர்கள்தான். சுமார் மூன்று வருடத்தில் புது மாத்திரை பக்கம் 552 பேர் இறந்தார்கள், அசிட்ரோம் வகைப் பழைய மாத்திரை பக்கம் 442 பேர். ரத்தக் கசிவும் பழைய மாத்திரையில் கூடுதலாக இல்லை. பழைய மாத்திரை எடுத்தவர்களுக்கு ஐ.என்.ஆர். பல நாள் சரியான எல்லைக்குள் நிற்கக்கூட இல்லை. அப்படியும் அதுதான் உயிர் காத்தது. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் ஆட்கள். வித்தியாசம் 110 உயிர்.

அந்தப் பெண்களின் பெயர் எனக்குத் தெரியாது. எந்தக் கடற்கரையில் மீன் விற்றார்களோ, எந்த வயலில் களை பறித்தார்களோ. அவர்கள் கைநாட்டும் கையெழுத்தும் போடாமல் இருந்திருந்தால் எனக்கு எந்த மாத்திரை என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த மடல் போய்ச் சேர வழியில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் அம்மாவால் நான் இங்கே சரியான மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

காசிமேட்டில் என் தங்கை மகனுக்கு எக்கோவில் வால்வு லேசாகத் தடித்திருப்பது தெரிந்தது. உகாண்டாவில் இதே நிலையில் இருந்த 818 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்திருக்கிறது. கடைசியில் கணக்கில் வந்தவர்களில், இரண்டு வருடத்தில், ஊசி போடாத 400 பேரில் 33 பேருக்கு நோய் முற்றியது. நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்ட 399 பேரில் 3 பேருக்குத்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. இவனை ஊசிக்குக் கூட்டிப்போவது நான்தான். ஒரு தடவைகூட விடமாட்டேன்.

டாக்டரம்மா, போன வருடம் உங்கள் படிப்பு ஆய்வுக்காக என் விவரம் கேட்டீர்கள். தமிழில் மூன்று பக்கப் படிவத்தை நீங்களே வரி வரியாகப் படித்துக் காட்டினீர்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சை பாதிக்காது" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தீர்கள். நான் உடனே கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். கேட்க வேண்டியதில்லை என்று ஏன் சொன்னேன் என்பது இதைப் படித்தால் உங்களுக்குப் புரியும். அன்று முகம் கொடுக்காமல் போனதற்கு மன்னித்துவிடுங்கள்.

லேப் அக்கா, நரம்பு அகப்படாத என் இடது கையைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒரே குத்தில் எடுக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை. உங்கள் பச்சை ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்து முடித்துவிட்டேன். கையோடு கொண்டுவருகிறேன்.