குழு சொன்னதோடு கோப்பு மூடிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாரம்பரிய இடங்களைக் காக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் வல்லுநர் குழுக்கள் இன்னும் வேண்டும் என்று உங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. வேண்டியதுதான். ஆனால் குழு இருந்தும் பறிபோன இடங்கள் உண்டே!

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்குடிகளின் இடங்களைப் பாதிக்கும் வேலை என்றால் ஒரு குழு பரிந்துரை சொல்லும், அமைச்சர் முடிவெடுப்பார். அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2013-இல் ரியோ டின்டோ சுரங்க நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அகழாய்வு நடந்தது. சுமார் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன இடம் என்று தெரிந்தது. மனித முடியால் ஆன, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைமையான பின்னல் ஒன்றும் கிடைத்தது. அதன் மரபணு, அந்த நிலத்துக்கு இன்றும் உரியவர்களான மக்களோடு ஒத்துப்போனது. இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் புதுத் தகவல் வந்தது என்பதற்காக, கொடுத்த அனுமதியை மறுபடி எடுத்துப் பார்க்க அன்றைய சட்டத்தில் வழி இல்லை. அமைச்சரின் முடிவு பிடிக்காவிட்டால் சுரங்க உரிமம் வைத்திருப்பவர் தீர்ப்பாயம் போக முடிந்தது. தொல்குடிகளுக்கு அப்போது அதுவும் கிடையாது. 2020 மே மாதம் இரும்புத்தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அப்புறம் நாடாளுமன்ற விசாரணை, நிறுவனத் தலைமை அதிகாரியின் பதவி விலகல் எல்லாம் வரிசையாக நடந்தன. புதுத் தகவல் கிடைத்தால் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும், தொல்குடிகளும் மறு ஆய்வு கேட்கலாம் என்ற திருத்தம் 2023-இல்தான் வந்தது. (இடையில் ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது தனிக் கதை.)

இங்கிலாந்தின் லிவர்பூலில் வேறு மாதிரி. பழைய கப்பல்துறையில் கால்பந்து மைதானம் கட்டுவதை அரசின் ஆலோசனை அமைப்பே எதிர்த்தது. நகர மன்றம் அனுமதித்தது. 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நகரம் நீக்கப்பட்டது.

குழுவில் யார் உறுப்பினர் என்பதில்தான் எப்போதும் சண்டை. எனக்கு அது இரண்டாம்பட்சம். வேலை தொடங்கும் வரை, புதுச் சான்று வந்தால் கோப்பைத் திரும்பக் கேட்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறதா? நிச்சயமில்லாமல் எப்படி முதலீடு செய்வது என்று நிறுவனங்கள் கேட்கும். சரி, மறு ஆய்வை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு வையுங்கள். குழுவின் பரிந்துரையையும் அமைச்சரின் முடிவு வருவதற்கு முன்பே வெளியிடுங்கள். அதை மீறினால் ஏன் மீறினோம் என்று அவர் எழுத்தில் சொல்லட்டும். அடுத்த தலையங்கத்தில் இவற்றையும் கேட்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்