எங்கள் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: சேலம் மாநகராட்சி மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையாளர் அவர்களுக்கும், 60 கோட்டங்களின் (வார்டுகளின்) மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, 60 வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளில் மாலையும் சால்வையும் பெற்று வீடு திரும்பியவன் நான். ஓய்வு பெற்றோருக்காகப் பூங்காவில் இன்னும் சில இருக்கைகள் கேட்க இதை எழுதவில்லை. உட்கார எங்களுக்கு இடம் இருக்கிறது. இன்ன நாளில் இன்ன மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஓர் இடம்தான் இல்லை. அதை ஏற்படுத்தித் தாருங்கள் என்று கேட்கிறேன்.

ஷிஃப்ட் முறையில் உழைத்த உடம்புக்கு ஓய்வைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்காக நாலரைக்கு விழித்துப் பழகிய கண், வேலை முடிந்த பிறகும் நாலரைக்கே திறந்துகொண்டது. முதல் சில மாதங்கள் நடைப்பயிற்சிக்குப் போனேன். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக்கூடக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை ஏற்காடு பேருந்தில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய், ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் இறங்கி வந்தேன். கோடையின் முதல் மழைக்குப் பிறகு காப்பிச் செடிகள் கிளைதோறும் வெள்ளையாகப் பூத்து நின்றதை அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இதே மாவட்டத்தில் இருந்தும் அந்த மணத்தை அறியாமல் போனோமே என்று வருந்தினேன். ஆனால் ஐந்தாவது, ஆறாவது பயணத்தில், தோட்டத்து ஆட்கள் எல்லாரும் தத்தம் வேலைக்கு நடந்துகொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் இறங்கும் பேருந்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது உறைத்தது. மறுவாரம் நான் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

வீட்டிலும் நிலைமை எளிதாக இல்லை. என் மனைவியின் பகல் பொழுதுக்கு 33 ஆண்டுகளாக ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. அதற்குள் நான் திடீரென்று நுழைந்து, அடுப்படியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லத் தொடங்கியிருந்தேன். "உங்களுக்கு ஓய்வு கொடுத்துட்டாங்க, எனக்கு யாரு கொடுக்கறது?" என்று ஒருநாள் அவர் கேட்டார். அதில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் சரியான விடை சொல்லவில்லை. பாத்திரம் துலக்குவதும் கடைக்குப் போவதும் இப்போது என் பொறுப்பு என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

என்னை மாற்றியது ஒரு தற்செயலான காலைப்பொழுது. குகைப் பகுதியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுத்த வீட்டில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. நூற்பாலையில் வேலை பார்த்தவர். வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர். உயிருடன் இருப்பதைக் காட்ட ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றை அவரால் கொடுக்க முடியவில்லை. பஞ்சிலும் நூலிலும் தேய்ந்த விரல்களில் ரேகை பதியவில்லை என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 2014இல் தொடங்கிய மின்னணு வாழ்நாள் சான்று முறையில் இப்போது கைரேகை இல்லாமல், கைப்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் இட்டு, மூன்றாவது முயற்சியில் முடித்தோம். எழுந்தபோது அவர், "தம்பி, நாளைக்கும் வருவீங்களா? எங்க தெருவுல இன்னும் நாலு பேரு இப்படித்தான் கெடக்கறோம்" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நாளைக்கு வருவாயா என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். மளிகைக்கே போதாத அந்தத் தொகைக்காக, ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வுக்காலப் பொழுதை எப்படிப் போக்குவது என்ற கவலையே என் போன்றவர்களுக்குக் கிடைத்த வசதி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்துக் கண் மங்கியவருக்கும், அம்மாப்பேட்டையில் தறிக்குழியில் இடுப்பு தேய்ந்தவருக்கும் பணி ஓய்வு நாள் என்று ஒன்று இல்லை; மாலை போடுவாரும் இல்லை. அவர்களில் பலர் அறுபதைத் தாண்டிய பிறகுதான் இரவுக் காவல் வேலைக்குப் போகிறார்கள். அரைகுறை ஓய்வு என்பது அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பது. எனவே நான் கேட்பது ஓய்வூதியம் உள்ளவர்களின் பொழுதுபோக்குக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்களிடம் மிகுந்திருக்கும் நேரம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். ரயில்வே, இரும்பாலை, மின்வாரியம், வங்கி, பள்ளி, மருத்துவமனை என்று எங்கெங்கோ முப்பது ஆண்டுகள் பழகிய கைகள் சூரமங்கலத்திலும் அஸ்தம்பட்டியிலும் வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றன. அவர்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன தெரியும், வாரத்தில் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்ற விவரம் கோட்ட அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் அடிப்படை. பெயர், பழகிய தொழில், தரக்கூடிய நாள், நேரம்: இந்த நான்கு பத்திகள் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

பதிவேட்டை வைத்து என்ன செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் வரலாம் என்று பொதுவாக அறிவித்தால் முதல் வாரம் ஐம்பது பேர் வருவார்கள், நான்காம் வாரம் இருவர் வருவார்கள். செவ்வாய்தோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, இன்ன கட்டடத்தில், இன்ன வேலைக்கு, இன்னார் என்று எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். வராதபோது யாராவது கைப்பேசியில் அழைத்துக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். உழைத்துப் பழகியவர்களுக்கு அந்த அழைப்பு உறுத்தலாக இருக்காது, கௌரவமாகவே இருக்கும். மைய அரசு ஓய்வூதியர்களின் சான்றுகள் குவியும் நவம்பரில் கோட்டத்துக்கு ஒரு மேசை போட்டு, கைப்பேசி பழகிய நான்கு பேரை உட்காரவைத்தாலே எத்தனையோ முதியவர்களின் அலைச்சல் குறையும். மாநகராட்சிப் பள்ளிகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மாலையில் வாசிப்பு வகுப்பு எடுக்கலாம். ஓய்வு பெற்ற செவிலியர்கள், படுத்த படுக்கையாக உள்ளவரைக் கவனிக்கும் முறையை அந்தக் குடும்பத்துக்குச் சொல்லித் தரலாம்.

ஒரு எச்சரிக்கையையும் இத்துடன் வைக்கிறேன். நாங்கள் வருகிறோம் என்பதைக் காரணம் காட்டி ஒரு காலிப் பணியிடம்கூட நிரப்பப்படாமல் போகக் கூடாது. மாநில அரசுப் பணியில் ஓய்வு வயது 2020இல் 58 இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தபோது, வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் எவ்வளவு மனம் வருந்தினார்கள் என்பதை எங்கள் வீடுகளிலேயே பார்த்தோம். ஊதியத்துக்குரிய வேலையை ஊதியம் வாங்குகிறவர் செய்யட்டும். அந்த வேலை எட்டாத இடத்துக்கு எங்களை அனுப்புங்கள்.

பெண்களுக்கான நேரத்தைப் பெண்களிடமே கேட்டு வையுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண் மறுநாளே பேரப்பிள்ளைகளுக்கும் சமையலுக்கும் முழுநேர ஆளாகிவிடுகிறார். அவருக்குக் காலைப்பொழுதே கிடையாது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை கிடைக்கலாம்.

2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று தமிழக நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. சாலை, சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுவதற்கு உரிய அந்தச் சபைதான் இதற்கும் பொருத்தமான இடம். எங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் கூடும் நாளில் மேசை மீது அந்த நோட்டுப் புத்தகத்தை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதுகிறேன்: மின் பராமரிப்பு, செவ்வாயும் வெள்ளியும், காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இரும்பாலைத் தொழிலாளி ஒருவர்,
சூரமங்கலம், சேலம்.