பதிசர் வங்கியில் போட்ட பணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். புரை எடுத்த பிறகு கொஞ்ச நாள் எதையும் படிக்காதே என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் உன் கடிதத்தைப் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். உன் கையெழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, “தாத்தா, இவர் கவிஞர் என்றாயே, கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறாரே” என்றாள். நியாயம்தான். மூன்று பக்கமும் சங்கத்துக் கடன் பாக்கி, குளம் தூர்வாரிய செலவு, உறுப்பினர்கள் சண்டை. கடைசிப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு வரி: இரண்டு வருஷமாக ஒரு கவிதைகூட எழுதவில்லை, நான் இன்னும் கவிஞன்தானா என்று.

அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். கண் சரியானதும் நான் எடுத்த முதல் புத்தகம் தாகூரின் கடிதங்கள். அதைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரியில் நம் இருவருக்கும் அவர் தாடி வைத்த ரிஷி. சுவரில் மாட்டியிருந்த படத்தைத் தாண்டி நாம் போகவில்லை. அந்த மனிதர் கடன் பேரேடு புரட்டியவர் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நீ இன்று இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

தந்தையின் கட்டளைப்படி 1890களின் தொடக்கத்தில் குடும்ப ஜமீனைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். ஷிலைதஹா, ஷாஜாத்பூர், பதிசர். எல்லாம் இன்றைய வங்கதேசத்தில் இருக்கின்றன. பத்மா நதியில் படகுவீடு. காலையில் குடிகளின் வழக்கு, வரி பாக்கி, மனு. ஷாஜாத்பூரில் ஜமீன் கட்டிடத்திலேயே அஞ்சலகமும் இருந்தது. அங்கே வேலை பார்த்த போஸ்ட் மாஸ்டர் மாலையில் வந்து கதையளப்பார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் நாம் பாடத்தில் படித்த ‘போஸ்ட் மாஸ்டர்’ கதை. கதை பத்திரிகையில் வந்த பிறகு அந்த மனிதர் அதைப் பற்றி வெட்கச் சிரிப்போடு பேசினாராம்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. 1895இல் எழுதிய ஒரு கடிதம். ஷாஜாத்பூரில் ஒருநாள் காலை வேலைக்காரன் நேரம் கழித்து வருகிறான். இவருக்குக் கோபம். அவன் வழக்கம்போல் வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கம்மிய குரலில், நேற்று இரவு என் எட்டு வயது மகள் இறந்துவிட்டாள் என்கிறான். சொல்லிவிட்டுத் துணியை எடுத்து அறையைத் துடைக்கப் போய்விடுகிறான். அவ்வளவுதான். பின்னால் இதைச் சிறு கவிதையாகவும் எழுதினார். வேலை நடக்கிற இடத்தில் இல்லாமல், கல்கத்தா வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தால் இது அவருக்குக் கிடைத்திருக்குமா? எனக்குத் தெரிந்து கிடைத்திருக்காது.

சரி, வங்கிக்கு வருகிறேன். உன் சங்கத்துக் கதைக்கு நெருக்கமானது அதுதான். வட்டிக்காரர்களிடம் குடியானவர்கள் சிக்கித் தவிப்பதைப் பார்த்து, 1905இல் பதிசரில் ஒரு விவசாய வங்கி தொடங்குகிறார். முதல், நண்பர்களிடம் வாங்கிய கடன். 1913இல் நோபல் பரிசு வந்ததும் அந்தப் பணத்தையும் கொண்டுபோய் அதே வங்கியில் போட்டார். வட்டி தான் நடத்திய சாந்திநிகேதன் பள்ளிக்கு, முதல் தொகை விவசாயிகளுக்குக் கடனாக. கணக்கு அழகாகத்தான் இருந்தது. பின்னாளில் கிராமக் கடன் நிவாரணச் சட்டம் வந்தபோது, கொடுத்த கடன் திரும்பவில்லை. பரிசுப் பணமும் போயிற்று. யோசித்துப் பார், கடன் சுமையைக் குறைக்க வந்த சட்டமே கடன் சுமையைக் குறைக்க வந்த வங்கியை மூழ்கடித்தது! வசூலாகாத உன் பாக்கிகளுக்காக நீ இரவெல்லாம் புரளுகிறாயே, உனக்கு முன்னால் புரண்டவர் சாதாரண ஆளில்லை.

வங்கியோடு மனிதர் நிற்கவில்லை. 1906இலேயே மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தார். பாரிஸ்டர் படிப்புக்கு அல்ல, வேளாண்மை படிக்க. 1922 பிப்ரவரியில், 60 வயதில், சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதன் என்ற கிராமச் சீரமைப்பு நிலையத்தின் வேலையைத் தொடங்கினார். பொறுப்பெடுத்தவர் எல்ம்ஹர்ஸ்ட் என்ற 28 வயது ஆங்கிலேயர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். அவர் மாணவர்களுக்கு முதலில் கற்றுத் தந்தது எது தெரியுமா? தங்கள் கழிவறை வாளியைத் தாங்களே கொண்டுபோய்க் கொட்டிப் புதைப்பது. மேல்சாதிப் பிள்ளைகளின் முகம் எப்படிப் போயிருக்கும்! மலேரியா அந்தப் பக்கத்துக் கிராமங்களை அரித்துக்கொண்டிருந்தது. தேங்கிய குட்டைகளைச் சரிசெய்தார்கள். குடும்பங்கள் சந்தா கட்டித் தங்களுக்கென்று மருத்துவரை வைத்துக்கொள்ளும் சுகாதாரச் சங்கங்களும் வந்தன. தோல் வேலை, நெசவு, அரக்கு வேலை எல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு உறுத்தலும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவர் ஜமீன்தார். வரி வாங்கிய கைதான் வங்கியும் நடத்தியது. படகும் ஆளும் இருந்ததால் நடுப்பகலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கடிதம் எழுத முடிந்தது. உனக்கு அந்த வசதி இல்லை. நீ உன் ஆட்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவர்களிடமே திட்டு வாங்குகிறாய். அந்த வகையில் உன் வேலை அவருடையதைவிடக் கடினம். கவிதை குறைந்தால் குறையட்டும். “எழுத்தும் தொண்டும் இரு கண்கள்” என்று பாராட்டு விழா மேடையில் பேசுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்னத்தான் செய்யும்.

என் கதை வேறு. நாற்பது வருஷமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியவன் நான். சென்ற மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து என் தொகுப்பு திரும்பி வந்தது. காரணம்கூட எழுதவில்லை. எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லாக் கவிதையிலும் ஒரே ஜன்னல், ஒரே மழை, நான். மற்றொரு மனிதர் வந்து போன தடமே இல்லை. உன்னைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்று எழுத இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அப்புறம், உன் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு கிழவியைப் பற்றி எழுதியிருந்தாய். தூர்வாரும் இடத்துக்குத் தினமும் வந்து, எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்று தன் கைத்தடியை விட்டு அளந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுகிறாள் என்று. பேத்தி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “ஏன் தாத்தா அளக்கிறாங்க?” என்று கேட்டாள். நீ அதற்கடுத்த வரியிலேயே மண்வெட்டிக் கூலிக்குப் போய்விட்டாய். அவள் யார், அந்தக் குளத்தோடு அவளுக்கு என்ன பழக்கம், எத்தனை அடி ஆழம் வந்தால் அவள் நிறுத்துவாள்? விசாரித்து எழுது. கவிதையாக வேண்டாம், இதே கணக்குப்பிள்ளை நடையில் போதும்.

எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது. பேத்திக்குப் பள்ளி திறந்துவிட்டது. இனி உன் கையெழுத்தோடு நான்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

என்றும் உன் பழைய நண்பன்