முன்தின இரவில் வரும் மறுப்பு

ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஆளுங்கட்சி எதுவானாலும், பொதுக்கூட்ட அனுமதிக்கு அலைவது என்னவோ எதிர்க்கட்சிக்காரர்தான். கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்கச் சொல்லும், 1861-இல் வெள்ளைக்காரன் போட்ட காவல் சட்டத்தின் 30(2) பிரிவு இன்னும் ஓய்வு பெறவில்லை. 144 தடையுத்தரவோ 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, வேலை அதேதான். தெருக்கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாகத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. சரி, முன்தின இரவு போலீஸ் மறுப்புக் கடிதம் கொடுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடி வழக்குப் போட நேரம் ஏது? (பந்தலுக்குக் கொடுத்த அட்வான்ஸும் போச்சு!) மறுப்பதானால் காரணத்தை எழுதி, ஐந்து நாள் முன்பே கொடுக்கட்டும். எல்லாக் கட்சிக்கும் அதே கெடு.

ஒரு வாசகர்,
காரைக்குடி